இரண்டு அட்டவணையும் ஒத்துப்போகவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைத் தேடும் வழி

மாதக் கடைசியில் கொழும்பின் கணக்குப் பிரிவுகளில் நடக்கும் வேலை பெரும்பாலும் இதுதான். ஒரு பக்கம் பில்லிங் மென்பொருளில் இருந்து எடுத்த விற்பனை அட்டவணை, மறுபக்கம் வங்கியில் இருந்து வந்த வரவு அட்டவணை. அல்லது சம்பளப் பட்டியலும் ஊழியர் சேமலாப நிதிக்கு அனுப்பிய பட்டியலும். புறக்கோட்டை மொத்தக் கடையாக இருந்தாலும், வெள்ளவத்தையில் இரண்டு கிளை வைத்திருக்கும் மருந்துக்கடையாக இருந்தாலும் கேள்வி ஒன்றே: எந்தப் பதிவு எங்கே இல்லை?

பொருந்தாத பதிவுகளில் இரண்டு வகை உண்டு. இரண்டு பக்கமும் இருக்கிறது, ஆனால் வெவ்வேறு விதமாக எழுதப்பட்டிருப்பதால் மென்பொருளுக்கு ஒன்றாகத் தெரியவில்லை என்பது ஒரு வகை. உண்மையாகவே ஒரு பக்கத்தில் இல்லை என்பது அடுத்த வகை. முதல் வகையைத் திருத்த வேண்டும். இரண்டாவதைத் திருத்தக் கூடாது. ரிப்போர்ட்டில் காட்ட வேண்டும். இந்த இரண்டையும் கலந்துவிட்டு, வித்தியாசம் பூச்சியமாகும் வரை கையால் எண்களை மாற்றிக்கொண்டிருப்பதுதான் இந்த வேலையில் நடக்கும் மிகப் பெரிய சேதம். ஆகவே கீழே வரும் எல்லாமே முதல் வகையைக் கழித்துவிட்டு, இரண்டாம் வகையைத் தனியே எடுப்பதற்கான வழி.

முதலில் மூன்று பட்டியல்

மொத்தத் தொகையைப் பார்த்துத் தேடத் தொடங்காதீர்கள். இரண்டு அட்டவணையும் ஒரே காலத்துக்கு உரியவையா, ஒரே கிளைகளுக்கு உரியவையா, ரத்துச் செய்த பில்கள் இரண்டிலும் சேர்ந்திருக்கின்றனவா அல்லது இரண்டிலும் விலக்கப்பட்டிருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். அது சரியென்றால் மூன்று பட்டியல் எடுங்கள்: முதல் அட்டவணையில் மட்டும் இருப்பவை, இரண்டாவதில் மட்டும் இருப்பவை, இரண்டிலும் இருந்தும் தொகையோ திகதியோ வேறுபடுபவை.

பவர் பிஐ (ரிப்போர்ட் தயாரிக்கும் மென்பொருள்) அல்லது எக்செலில் உள்ள, தரவைத் திருத்தி இணைக்கும் பகுதியான பவர் குவெரியில் இதற்கு மெர்ஜ் குவெரீஸ் என்ற கட்டளை போதும். ஜொயின் வகையில் லெஃப்ட் அன்டி தெரிவுசெய்தால் முதல் பட்டியல், ரைட் அன்டி என்றால் இரண்டாவது. இன்னர் போட்டு, இரண்டு பக்கத் தொகை நிரலையும் விரித்து, ஒன்றில் இருந்து ஒன்றைக் கழித்துப் பூச்சியம் அல்லாதவற்றை வடிகட்டினால் மூன்றாவது. பவர் குவெரி இல்லாத பழைய எக்செல் என்றால் மேட்ச் சூத்திரத்தை இரண்டு பக்கமும் போடுங்கள். இரண்டு பக்கமும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒரு திசையில் மட்டும் தேடிவிட்டு, "எல்லாம் இருக்கிறது" என்று கையெழுத்து வைத்த பட்டியல்களில் மறுபக்கத்து அநாதைப் பதிவுகள் அப்படியே கிடக்கும்.

அறிகுறி: ஒரு பதிவுகூடப் பொருந்தவில்லை

இது பயமுறுத்தும், ஆனால் எல்லாவற்றிலும் எளியது. சாவி நிரல், அதாவது இரண்டு அட்டவணையையும் இணைக்கப் பயன்படுத்தும் நிரல், ஒரு பக்கம் எண்ணாகவும் மறுபக்கம் எழுத்தாகவும் இருக்கிறது. எக்செலில் எண்கள் வலது ஓரமாகவும் எழுத்துகள் இடது ஓரமாகவும் நிற்கும். யாராவது நடுவில் நிறுத்தி வைத்திருந்தால் ஐஸ்நம்பர் சூத்திரம் போட்டுப் பாருங்கள். பவர் குவெரியில் நிரல் தலைப்பின் இடப்பக்கம் உள்ள சின்னமே சொல்லிவிடும்.

இரண்டையும் எழுத்தாக மாற்றுங்கள். எண்ணாக மாற்றுவது விரைவாகத் தெரியும், ஆனால் இன்வொய்ஸ் எண், கிளைக் குறியீடு, தொலைபேசி எண் எதையும் நாம் கூட்டிக் கழிக்கப் போவதில்லை. கூட்டாத எதையும் எண்ணாக வைக்காதீர்கள்.

அறிகுறி: கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கிறது, மென்பொருள் இல்லை என்கிறது

நேரத்தை அதிகம் தின்பது இதுதான். சந்தேகம் வந்த இரண்டு கலங்களுக்கும் லென் சூத்திரம் போட்டு எழுத்து எண்ணிக்கையைப் பாருங்கள். ஒன்று 8, மற்றது 9 என்றால் கண்ணுக்குத் தெரியாத ஒன்று உள்ளே இருக்கிறது.

பெரும்பாலும் அது கடைசியில் ஒட்டிய இடைவெளி. ட்ரிம் போட்டால் போய்விடும். ட்ரிம் போட்டும் போகவில்லையா? வங்கி இணையத்தளத்தில் இருந்தோ பிடிஎஃப் கூற்றில் இருந்தோ பிரதி எடுத்த தரவில் சாதாரண இடைவெளிக்குப் பதிலாக 160 என்ற குறியீட்டெண் கொண்ட முறியா இடைவெளி வந்து உட்கார்ந்திருக்கும். எக்செலின் ட்ரிம் அதைத் தொடாது. சப்ஸ்டிடியூட் சூத்திரத்தில் சார் 160 என்று கொடுத்து அதைச் சாதாரண இடைவெளியாக மாற்றிவிட்டு, அப்புறம் ட்ரிம் போடுங்கள். வரி முறிவு, டேப் போன்றவை இருந்தால் கிளீன் எடுத்துவிடும்.

பெயர்கள் தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால் இன்னொரு அடுக்கு உண்டு. தமிழில் "கொ" என்பதை யுனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறி ஒரே குறியீடாக வரலாம்; எகரக் குறியும் கால் குறியும் தனித்தனிக் குறியீடுகளாகவும் வரலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. "கொட்டாஞ்சேனை" என்று இரண்டு கிளைகள் ஸ்லைசரில் (ரிப்போர்ட்டின் வடிகட்டிப் பட்டியலில்) அடுத்தடுத்து நின்றால் இதைத்தான் முதலில் சந்தேகியுங்கள். எக்செலில் யுனிகார் 3014, யுனிகார் 3006 இரண்டும் சேர்ந்து வரும் இடத்தை யுனிகார் 3018 ஆக மாற்றினால் ஒகரம் சரியாகும். 3015, 3006 சேர்ந்து வருவதை 3019 ஆக்கினால் ஓகாரம். சிங்களப் பெயர்களில் "ஸ்ரீ" போன்ற கூட்டெழுத்துகளுக்குள் அகலமில்லா இணைப்பான் ஒன்று இருக்கும். அதன் எண் 8205. ஒரு அட்டவணையில் அது இருந்து மற்றதில் விடுபட்டால் பவர் குவெரிக்கு அவை இரண்டு பெயர்கள். சாவிக்காக ஒரு தனி நிரல் உண்டாக்கி அதில் மட்டும் இந்தக் குறியை நீக்குங்கள். பெயர் நிரலிலேயே நீக்கினால் அச்சில் எழுத்து உடைந்து வரும்.

தட்டச்சுக்காரர் பாமினி எழுத்துருவில் அடித்த பழைய பட்டியல் என்றால் மேலே சொன்ன எதுவும் உதவாது. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். எழுத்துரு அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது, அவ்வளவுதான். முழுப் பட்டியலையும் யுனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

அறிகுறி: அடையாள அட்டை எண்ணால் இணைத்தால் பாதிப் பேர் விடுபடுகிறார்கள்

சம்பளப் பட்டியலில் வேலை செய்பவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த தலைவலி. 2016 முதல் வழங்கப்படும் தேசிய அடையாள அட்டையில் 12 இலக்கம். அதற்கு முந்தியதில் 9 இலக்கமும் வி அல்லது எக்ஸ் எழுத்தும். ஒரே ஆள் ஒரு பட்டியலில் பழைய எண்ணோடும் மறு பட்டியலில் புதிய எண்ணோடும் இருப்பார்.

மாற்றும் முறை எளிது. பழைய எண்ணின் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம், அடுத்த மூன்று வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது (பெண்களுக்கு 500 கூட்டியிருக்கும்), மீதி நான்கில் மூன்று தொடரிலக்கம், ஒன்று சோதனை இலக்கம். முன்னால் 19 சேர்த்து, நாளுக்குரிய மூன்று இலக்கத்துக்குப் பின் ஒரு பூச்சியம் நுழைத்து, கடைசி எழுத்தை எடுத்துவிட்டால் புதிய வடிவம். 857654321வி என்றால் 198576504321. இதை இரண்டு அட்டவணையிலும் ஒரே படியாகச் செய்யுங்கள்: நீளம் 12 என்றால் அப்படியே விடு, 10 என்றால் மாற்று, வேறு எதுவாக இருந்தாலும் பிழைப் பட்டியலுக்கு அனுப்பு. அந்த மூன்றாவது நிபந்தனையைத் தவறவிடாதீர்கள். வி எழுத்தை விட்டு 9 இலக்கம் மட்டும் அடித்தவர்கள் அங்கேதான் அகப்படுவார்கள்.

இதே இடத்தில் எக்செல் இன்னொரு வேலையும் பார்க்கும். 12 இலக்க எண்ணைப் பொதுவடிவக் கலத்தில் போட்டால் 1.98577ஈ+11 என்று சுருக்கிக் காட்டும். திரையில் மட்டும் என்றால் பரவாயில்லை. அந்த நிலையிலேயே சிஎஸ்வி ஆகச் சேமித்தால் சுருங்கிய வடிவமே கோப்பில் போகும், பின் எண் திரும்பி வராது. 16 இலக்க அட்டை எண்களுக்கு நிலைமை இன்னும் மோசம். எக்செல் 15 இலக்கம் வரைதான் நினைவில் வைக்கும், கடைசி இலக்கத்தைப் பூச்சியமாக்கிவிடும். எழுத்தாகச் சேமித்திருந்தாலும் கவுண்ட்இஃப் அவற்றை எண்ணாக எண்ணிப் பார்த்து, கடைசி இலக்கம் மட்டும் வேறுபடும் இரண்டு எண்ணையும் ஒன்று என்று சொல்லும். அங்கே மேட்ச் அல்லது எக்ஸ்லுக்கப் பாவியுங்கள்.

தொலைபேசி எண்ணில் முன் பூச்சியம் போய் 77 என்று தொடங்கும், அல்லது 94 ஒட்டியிருக்கும். கடைசி 9 இலக்கத்தை மட்டும் சாவியாக எடுத்தால் எல்லாம் ஒன்றாகிவிடும்.

அறிகுறி: ஒரே எண் இரண்டு தடவை என்று பவர் பிஐ அடம்பிடிக்கிறது

பவர் குவெரியில் இரட்டைப் பதிவுகளை நீக்கியாயிற்று, ஆனாலும் அட்டவணைகளுக்கு இடையே உறவு போடும்போது நிரலில் இரட்டை மதிப்பு இருக்கிறது என்று வருகிறது. பவர் குவெரி பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறாகப் பார்க்கிறது. தரவு மாடலுக்குள் போனபின் இரண்டும் ஒன்று. ஆகவே நீக்குவதற்கு முன்பே எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கி, ட்ரிம் செய்துவிடுங்கள்.

அறிகுறி: இணைத்த பின் மொத்தம் எகிறிவிட்டது

விற்பனை 40 இலட்சம் என்று தெரியும், இணைத்த அட்டவணை 46 இலட்சம் காட்டுகிறது. எதுவும் புதிதாக வரவில்லை; இருந்ததுதான் பெருகியிருக்கிறது. ஒரு இன்வொய்ஸுக்கு வாடிக்கையாளர் இரண்டு தவணையாகப் பணம் கட்டியிருந்தால் வரவு அட்டவணையில் இரண்டு பதிவு, அந்த இரண்டோடும் முழு இன்வொய்ஸ் தொகையும் ஒட்டிக்கொள்ளும். இரண்டு அட்டவணையையும் சாவி நிரலால் குரூப் பை செய்து, எண்ணிக்கை 1ஐ விட அதிகமானவற்றைப் பாருங்கள். தவணைகளைக் கூட்டி, ஒரு இன்வொய்ஸுக்கு ஒரு பதிவு என்று ஆக்கியபின் இணையுங்கள். ரிமூவ் டூப்ளிகேட்ஸ் அழுத்தி இதைத் தீர்க்க நினைப்பது ஆபத்து: மொத்தம் அடங்கிவிடும், ஆனால் இரண்டாம் தவணை அட்டவணையில் இருந்தே மறைந்துபோகும். வாடிக்கையாளர் கட்டிய பணம் அது.

அறிகுறி: ரிப்போர்ட்டில் பதிவுகள் காணாமல் போகின்றன

பழைய ஈஆர்பி (நிறுவன மேலாண்மை) மென்பொருள்களோடு வரும் கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ் என்ற ரிப்போர்ட் மென்பொருளில் இது வழமை. இரண்டு அட்டவணையை இணைத்தால் அது இயல்பாக இன்னர் ஜொயின் போடும். மறுபக்கம் இல்லாத பதிவு சத்தமில்லாமல் விழுந்துவிடும். டேட்டாபேஸ் எக்ஸ்பேர்ட்டில் லிங்க்ஸ் பகுதிக்குப் போய் லெஃப்ட் அவுட்டர் ஆக மாற்றுங்கள். மாற்றியும் வரவில்லை என்றால் ரெக்கோர்ட் செலக்‌ஷனில் வலது பக்க அட்டவணையின் நிரல் ஒன்றுக்கு நிபந்தனை போட்டிருப்பீர்கள். வெறுமையான பதிவு அந்த நிபந்தனையில் தோற்று, மறுபடியும் இன்னர் ஜொயின் போலவே ஆகிவிடும். வெறுமையா என்று பார்க்கும் இஸ்நல் சோதனையை அதோடு "அல்லது" என்று சேர்க்க வேண்டும். சூத்திரத்தில் அது முதலாவதாக வரவேண்டும், பின்னால் போட்டால் அதற்கு முன்பே சூத்திரம் நின்றுவிடும்.

தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல் எழுதுபவர்களுக்கு இதன் தலைகீழ் உண்டு. பொருந்தாதவற்றைத் தேட நொட் இன் எழுதுகிறீர்கள், விடை ஒரு பதிவும் இல்லை என்று வருகிறது. மனம் நிம்மதியாகும் விடை அது, ஆனால் நம்ப முடியாது. உள் பட்டியலில் நல் எனப்படும் வெற்று மதிப்பு ஒரேயொன்று இருந்தாலும் முழு விடையும் காலியாகிவிடும். நொட் எக்சிஸ்ட்ஸ் எழுதிப் பாருங்கள்.

பவர் பிஐயில் பதிவு விழாது. பிளாங்க் என்று ஒரு பதிவாகத் திரண்டு நிற்கும். வாடிக்கையாளர் அட்டவணையில் இல்லாத குறியீடுகள் எல்லாம் அதற்குள்தான். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று வடிகட்டி மறைக்காதீர்கள். நீங்கள் தேடும் பட்டியல் அதுவேதான்.

அறிகுறி: மாதத்தின் முதல் 12 நாள் குழம்பி, மீதி நாட்கள் பிழை காட்டுகின்றன

நாளும் மாதமும் இடம் மாறிவிட்டன. கணினியின் பிராந்திய அமைப்பு அமெரிக்க முறையில் இருக்கிறது. 03/04 என்பது ஏப்ரல் 3க்குப் பதிலாக மார்ச் 4 ஆகிறது. 13ஆம் திகதி முதல் மாற்ற வழியில்லாததால் பிழை. பவர் குவெரியில் யூசிங் லொக்கேல் என்ற தெரிவில் நாள் முதலில் வரும் பிராந்தியத்தைக் கொடுத்துத் திகதியாக மாற்றுங்கள். முன்பே தானாகச் சேர்ந்திருக்கும் சேஞ்ச்ட் டைப் படியை அழித்துவிட்டுச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் ஏற்கெனவே மாறிய திகதிதான் கைக்கு வரும்.

திகதிகள் சரியாகத் தெரிந்தும் பொருந்தவில்லை என்றால் ஒன்றில் நேரமும் ஒட்டியிருக்கும். திகதிப் பகுதியை மட்டும் எடுங்கள். ஆனால் எடுக்கும் முன் அந்த நேரம் எந்த ஊர் நேரம் என்று பாருங்கள். இலங்கை நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முந்தியது. பவர் பிஐ சேர்வர்களும் பல இணையக் கட்டணச் சேவைகளும் பொது நேரத்தில் இயங்குகின்றன. காலி வீதியில் இரவு முழுக்கத் திறந்திருக்கும் உணவகம் ஜூன் 1 அதிகாலை 1.15க்குப் போட்ட பில், பொது நேரத்தில் மே 31 இரவு 7.45. நேரத்தை வெட்டினால் அது மே மாதத்துக்குப் போய்விடும். முதலில் ஐந்தரை மணியைக் கூட்டுங்கள், பிறகு வெட்டுங்கள்.

அறிகுறி: பெயரால் இணைத்தால் பொருந்துவதும் பொருந்தாததும் கலந்து வருகிறது

பெயரைச் சாவியாக்காதீர்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது சிவகுமார் ஒரு பட்டியலில் எஸ் என்று தொடங்குவார், அடுத்ததில் எஸ்எச் என்று. முதலெழுத்து முன்னால் வரும், பின்னால் வரும், தகப்பன் பெயர் முழுதாக வரும். வேறு வழியே இல்லை என்றால் பவர் குவெரியில் ஏறத்தாழ ஒத்த பெயர்களை இணைக்கும் ஃபஸி மெர்ஜ் உண்டு. அதன் ஒற்றுமை வரம்பு இயல்பாக 0.80. சிவகுமாரையும் சிவகுமாரனையும் அது ஒரே ஆளாக்கக் கூடும். அது தரும் ஒவ்வொரு சோடியையும் மனிதர் ஒருவர் கண்ணால் பார்த்து, சரியானவற்றை ஒரு மாற்று அட்டவணையில் பதிந்து வைத்தால் அடுத்த மாதம் ஊகத்துக்கு வேலை இருக்காது. சம்பளத்திலும் சேமலாப நிதியிலும் ஃபஸி மெர்ஜ் கூடவே கூடாது. ஒருவருடைய ஓய்வுகாலப் பணம் இன்னொருவர் பெயருக்குப் போகும் விடயம் இது.

அறிகுறி: எக்செல் பிழை காட்டவில்லை, ஆனால் வேறு யாருடைய தொகையோ வந்திருக்கிறது

விலுக்கப் சூத்திரத்தில் நான்காவது பகுதியை விட்டுவிட்டீர்கள். சரியாகப் பொருந்துவதை மட்டும் எடுக்க ஃபோல்ஸ் அல்லது பூச்சியம் கொடுங்கள்.

அறிகுறி: சாவி பொருந்துகிறது, தொகை பொருந்தவில்லை

வித்தியாசத்தின் உருவத்தைப் பாருங்கள், அது நிறையச் சொல்லும். ஒன்றை மற்றதால் வகுத்தால் சரியாக 1.18 வருகிறதா? ஒரு பக்கம் வற் (பெறுமதி சேர் வரி) சேர்ந்தும் மறுபக்கம் சேராமலும் இருக்கிறது. 2024 ஜனவரி 1 முதல் வற் 18 சதவீதம். 2022 செப்டம்பர் முதல் 2023 கடைசி வரைக்குமான பில் என்றால் 1.15 வரும். வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபடுகிறதா? 27,450 என்பதை யாரோ 24,750 என்று அடித்திருக்கக் கூடும். அங்கே வித்தியாசம் 2,700. சதங்களில் மட்டும் வேறுபாடு என்றால் இரண்டு பக்கமும் இரண்டு தசமத்துக்கு ரவுண்ட் செய்துவிட்டு ஒப்பிடுங்கள்.

மொத்தம் சதம் பிசகாமல் ஒத்துப்போயும் பட்டியல் வேறுபட்டால் பதிவுகள் ஒன்றையொன்று ஈடுகட்டியிருக்கின்றன. ஒருவர் கட்டிய பணம் இன்னொருவர் கணக்கில் ஏறியிருக்கும். மொத்தத்தை மட்டும் பார்ப்பவர் இதை ஒருபோதும் காணமாட்டார். கட்டிய பணத்துக்கு மறுபடி நினைவூட்டல் கடிதம் வாங்கும் வாடிக்கையாளர்தான் காண்பார்.

எல்லாம் திருத்தியும் மீதி நிற்கிறது

நிற்கட்டும். இங்கேதான் இரண்டாம் வகை தொடங்குகிறது. அட்டை இயந்திரத்தில் நாள் முழுக்க விழுந்த பில்கள் வங்கிக்கு ஒரே தொகையாக, தரகு கழித்து வந்திருக்கும். அவற்றைப் பில் எண்ணோடு பொருத்த முயலாமல் நாள்வாரியாகக் கூட்டித் தொகுதியோடு பொருத்துங்கள், தரகைத் தனி நிரலாக்குங்கள். காசோலை மறு வேலைநாளில்தான் தீர்வாகும். போயா (பௌர்ணமி) தினம் வங்கி விடுமுறை. 2024இல் வெசாக் மே 23, வியாழன். மறுநாளும் விடுமுறை, அப்புறம் சனி ஞாயிறு. 22ஆம் திகதி வைப்பிலிட்ட காசோலைக்கு அடுத்த வேலைநாள் 27. அந்த இடைவெளியில் எடுத்த வங்கிக் கூற்றில் அது இல்லாதது யாருடைய பிழையும் இல்லை.

இந்த மீதிக்கு மூன்று நிரல் சேர்த்து வையுங்கள்: காரணம், எப்போது தீரும் என்று எதிர்பார்க்கிறோம், யார் பார்க்கிறார். காரணம் தெரியாததை "தெரியவில்லை" என்றே எழுதுங்கள்; "வேறு" என்று எழுதினால் அதை அடுத்த முறை யாரும் திறக்கமாட்டார்கள். அடுத்த மாதம் ஒப்பிடும்போது இந்தப் பட்டியலையும் விற்பனை அட்டவணையோடு சேர்த்துவிட்டு லெஃப்ட் அன்டி போடுங்கள். மே மாத இன்வொய்ஸுக்கு ஜூன் 3இல் வந்த பணம் அப்போதுதான் தன் சோடியைக் கண்டுபிடிக்கும்.